நம்பர் சொல்லாத மேடம்

டிவியோடு சண்டை போடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கேபிள் தொழிலில் இருப்பவனுக்கு அது புதிதல்ல. அவுட் கொடுத்த அம்பயரைத் திட்டுவார்கள். சீரியல் மாமியாருக்குச் சாபம் விடுவார்கள். ஆனால் துப்பறியும் தொடரில் வரும் ஓர் இளைஞனைப் பார்த்து, "யாருப்பா உனக்கு டெஸ்ட் வச்சது? அந்த ஆளை என் முன்னாடி வரச் சொல்லு" என்று கேட்டவர் எங்கள் மேடம் ஒருவர்தான்.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் யாராவது தேடிப் போய்ப் பாராட்டுவார்கள். பாராட்டினால் அவருக்குக் கோபம் வரும். திண்டிவனத்தில் எங்கள் ஏரியாவில் ஒரு மாடி வீட்டில் தனியாகக் குடியிருந்தார். சொந்த ஊர் வளவனூர். தினமும் காலையில் ரயிலேறி விழுப்புரம் போவார், சாயங்காலம் திரும்பி வருவார். அரசாங்க வேலை என்று தெரியும். என்ன வேலை என்று தெரியாது, நானும் கேட்டதில்லை. கனெக்‌ஷன் கொடுத்தவனுக்கு வீட்டுக்காரர் விவரம் எதற்கு?

பிள்ளைகளே, நான் பத்தாவதோடு நின்றவன். இதில் வருகிற விஷயங்களைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. அவர் டிவியைத் திட்டியபோது பக்கத்தில் நின்று கேட்டதைத்தான் சொல்கிறேன்.

அந்தத் தொடர் எங்கிருந்தோ தமிழுக்கு வந்தது. உதடு ஒரு பக்கம் போகும், தமிழ் இன்னொரு பக்கம் போகும். போலீசுக்கு உதவி செய்கிற இளைஞன் ஒருவன், கொலை நடந்த அறைக்குள் வருவான். யாருக்கும் வணக்கம் சொல்ல மாட்டான். தரையைப் பார்ப்பான், கூரையைப் பார்ப்பான். "கொலைகாரன் ஒரு காலை இழுத்து நடப்பவன், அவனுக்குப் பூனை என்றால் ஆகாது" என்பான். இன்ஸ்பெக்டர் வாயைப் பிளப்பார். பக்கத்தில் நிற்கும் பெண் போலீஸ், "அவரோட ஐக்யூ நூற்றுத் தொண்ணூறுக்கும் மேல" என்று கிசுகிசுப்பாள். உடனே ஒரு மியூசிக்.

அன்றைக்கு அவர் வீட்டில் செட்டாப் பாக்ஸ் பழுது. நான் சரிசெய்து முடித்த நேரம் இந்தக் காட்சிதான் ஓடியது.

"நூத்தித் தொண்ணூறு! அதுக்கும் மேல வேற!" என்று மேடம் எழுந்தே நின்றுவிட்டார். "ஏம்பா கேபிளு, உங்கிட்ட இருக்கற டேப்பு பத்தடிதான்னா இருபதடி சொவத்தை எப்படி அளப்ப?"

"முடியாதுங்க மேடம்."

"அவ்வளவுதான். அந்த டெஸ்ட்டுல அந்த ஒசரத்துக்கு அளக்கறதுக்குக் கேள்வியே கெடையாது. நீ எங்க நிக்கறன்னு உன் வயசு ஆளுங்களோட வச்சுப் பாத்துத்தான் சொல்ல முடியும். அவ்ளோ தூரத்துல யாரு இருக்கா பக்கத்துல வச்சுப் பாக்க? இவங்க பாட்டுக்கு வாய்க்கு வந்த நம்பரை ஏலம் விடுறாங்க."

டிவியில் யாராவது ஐக்யூ என்று சொன்னால் மூன்று கேள்வி வரும் அவரிடமிருந்து. யாரு வச்சது? எந்த வயசுல வச்சது? அன்னிக்கு அந்தப் புள்ள சாப்ட்டுட்டு வந்துச்சா? டிவி எந்தக் கேள்விக்கும் பதில் சொன்னதில்லை.

"இவ்வளவு கோவப்படுறீங்க, அப்புறம் எதுக்கு மேடம் விடாம பாக்குறீங்க?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"புடிச்சிருக்கு, பாக்கறேன். பேய்ப்படம் பாக்கறவன்லாம் போய் சுடுகாட்டுலயா படுத்துக்கறான்? தள்ளி நில்லு, மறைக்குது."

இதற்கிடையில் என் பெரியவனுக்கு அந்தத் தொடர் தலைக்கேறிவிட்டது. அப்போது அவன் ஏழாவது. யாரையும் முகம் பார்த்துப் பேசுவதில்லை. சாப்பிடக் கூப்பிட்டால், "உங்க குரல்லேர்ந்தே தெரியுது, கொழம்புல உப்பு ஜாஸ்தி" என்பான். கண்டாச்சிபுரத்திலிருந்து என் மச்சான் வந்திருந்தபோது வாசலிலேயே நிறுத்தி, அவர் செருப்பைக் குனிந்து பார்த்துவிட்டு, "மாமா, நீங்க வயல்லேர்ந்து நேரா வர்றீங்க. வர்ற வழியில யாரோடவோ சண்டை" என்றான். மச்சான் அன்றைக்கு வந்தது கல்யாண மண்டபத்திலிருந்து. வெளியே கழற்றி வைத்ததில் செருப்பு மாறிப்போய், வேறு யாருடையதையோ போட்டுக்கொண்டு வந்திருந்தார். கேபிள் வாடகை விஷயமாக வந்த மேடம் அதைக் கேட்டு, படியில் உட்கார்ந்து சிரித்தார்.

"தம்பி, இங்க வா. டிவியில அவன் சொல்றதெல்லாம் எப்படி சரியா போவுதுன்னு தெரியுமா? கொலைகாரன் யாருன்னு எழுதிட்டுத்தான் கதையையே ஆரம்பிக்கறாங்க. அவனுக்கு விடையை முன்னாடியே குடுத்துடறாங்க. உனக்கு யாரு குடுப்பா? நீ கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும். 'மாமா, எங்கேர்ந்து வர்றீங்க'ன்னு வாயைத் தொறந்து கேளு."

"ஜீனியஸ்லாம் அப்படிக் கேக்க மாட்டாங்க ஆன்ட்டி."

"அப்படியா? அவன் மரியாதை இல்லாம பேசறது மூளை ஜாஸ்தியா இருக்கறதால இல்லடா. மூளை ஜாஸ்தின்னு காட்டறதுக்கு எழுதினவருக்கு வேற வழி தெரியல."

என் பையன் முறைத்துக்கொண்டு உள்ளே போனான். மச்சான் தன் செருப்பைத் தேடிக்கொண்டு மண்டபத்துக்குத் திரும்பிப் போனார்.

எனக்கு ஒரு மகளும் உண்டு. சின்னவள். அவள் அப்போது இரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள், திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியில். அந்தச் சீட்டு வாங்க நாங்கள் பட்ட பாடு வேறு கதை. அவள் எழுத்து கோழி கிளறினது போல இருக்கும். கரும்பலகையில் இருப்பதை எழுதி முடிப்பதற்குள் டீச்சர் அழித்துவிடுவார். அந்த வருஷம் பாதியில் தாளாளர் எங்களைக் கூப்பிட்டு, "ஐக்யூ டெஸ்ட் எடுத்துட்டு வந்து நம்பரைக் காட்டுங்க. நம்பர் கம்மியா இருந்தா இங்க வச்சுக்க முடியாது. மத்த புள்ளைங்க பாதிக்கப்படும்" என்றார். என் மனைவி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அடக்கிக்கொண்டு வந்தாள். பஸ் ஸ்டாண்டில் அழுதாள்.

விழுப்புரம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். போனோம். ஒரு நீண்ட வராண்டா, அதன் கடைசியில் ஒரு சின்ன அறை, ஃபேன் கிறீச்சிடுகிறது, மேஜை மேல் வண்ண வண்ணமாய் மரக்கட்டைகள். நாற்காலியில் எங்கள் மேடம்.

"இன்னாப்பா கேபிளு, இங்க எந்த ஒயரு அறுந்துச்சு?" என்றார். பிறகு என் மகளைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்திவிட்டு, "சாப்ட்டியா கண்ணு?" என்று கேட்டார்.

எங்களுக்கு முன்னால் ஓர் அப்பா தன் மகனோடு உட்கார்ந்திருந்தார். பையனுக்குப் பத்து வயதிருக்கும், இன்னும் பேச்சு வரவில்லை. "நம்பரைக் கொஞ்சம் கொறைச்சுப் போடுங்கம்மா, அப்பத்தான் உதவித்தொகை வரும்னு சொல்றாங்க" என்று அவர் கும்பிட்டார். மேடம் அவர் கையைப் பிடித்து இறக்கினார். "கும்பிடாதீங்க. இருக்கறதைத்தான் போடுவேன். இருக்கறதைப் போட்டாலே உங்க புள்ளைக்கு வரவேண்டியது வரும். பஸ் பாஸும் வரும்." அந்தக் காகிதத்தில் அவர் நம்பரை எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் அடித்துக் கொடுத்ததை நான் பார்த்தேன்.

டிவியில் டெஸ்ட் என்றால் இருட்டு அறை, மேலே ஒரு விளக்கு, அந்த இளைஞன் அரை நிமிஷத்தில் எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கொட்டாவி விடுவான். இங்கே பக்கத்து வார்டில் தட்டு கழுவுகிற சத்தம். மேடம் ஸ்டாப் வாட்ச்சைப் புடவைத் தலைப்புக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார். பார்த்தால் பிள்ளைகளுக்கு பயம் வந்துவிடுமாம். எங்களைக் கதவுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்காரச் சொல்லி, "வாயைத் தொறக்கக் கூடாது, கண்ணால ஜாடையும் காட்டக் கூடாது" என்றார்.

என் மகள் முதல் நாள் ஒரு வார்த்தை பேசவில்லை. மேடம் சீக்கிரமே எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டார்.

"இன்னிக்கு இவளை நான் பாக்கல. இவ பயத்தைத்தான் பாத்தேன். அடுத்த வாரம் கூட்டியாங்க."

அடுத்த வாரம் பேசினாள். கேள்விகளுக்குப் பரவாயில்லை. கட்டைகள் வந்ததும் தடுமாறினாள். படத்தில் உள்ளபடி கட்டைகளைச் சேர்த்து அடுக்க வேண்டும். ஒன்றை வைத்தால் இன்னொன்று நகர்ந்தது, சரிசெய்யப் போனால் கீழே விழுந்தது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. மேடம் குறித்துக்கொண்டார். பேனாவைக் கடித்தார்.

"எதுவோ ஒதைக்குதுப்பா" என்றார். "படத்தைப் பாக்கறா, அவளுக்குப் புரியுது. கைக்கு வரமாட்டேங்குது. இன்னான்னு எனக்குத் தெரியல. டிவிக்காரனா இருந்தா இந்நேரம் கண்ணைச் சிமிட்டிச் சொல்லிட்டிருப்பான். நான் சம்பளத்துக்கு வேலை பாக்கறவ. இன்னொரு தரம் வாங்க."

"மேடம், ஸ்கூல்ல அவசரப்படுத்தறாங்க" என்றேன்.

"படுத்தட்டும்."

மூன்றாவது தடவை போனபோது கட்டையை எடுக்கவே இல்லை. ஸ்டேஷன் வாசலில் வாங்கிய அவிச்ச மல்லாட்டைப் பொட்டலத்தை (வேர்க்கடலைதான்) வராண்டா பெஞ்சில் பிரித்து வைத்து, "உரிச்சுத் தின்னுக்கினு இரு, தோ வர்றேன்" என்று ஜன்னல் பக்கம் திரும்பி நின்று யாருடனோ போனில் பேசினார். நாங்கள் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தோம். நாங்கள் திரும்பி வரவும் மேடம் போனை வைத்துத் திரும்பவும் சரியாக இருந்தது. என் மகள் இடது கையால் மல்லாட்டையை உரித்துக்கொண்டிருந்தாள். கட்டை விரலால் ஓர் அழுத்து, பருப்பு தனி, ஓடு தனி. ஓடுகளையெல்லாம் வரிசையாக அடுக்கி, சுற்றி ஒரு கோலம்போலப் போட்டு வைத்திருந்தாள். மேடம் திரும்பியதும் அந்தக் கை சட்டென்று தொடைக்கு அடியில் போய்விட்டது.

மேடம் அசையாமல் நின்றார். "அந்தக் கையை எதுக்கும்மா ஒளிச்சு வைக்கறா?"

என் மனைவிக்குப் பெருமையாக இருந்தது. "பெரியவங்க முன்னாடி பீச்சாங்கையை நீட்டக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன் மேடம். ஊட்டுல மறந்துடுவா. வெளிய வந்தா கரெக்டா இருப்பா. ஸ்கூல்ல கூட அந்தக் கையால எழுத வுடறதில்ல."

மேடம் பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் என் மனைவியைத் திட்டவில்லை. நம் பக்கத்தில் எந்த வீட்டில் இதைச் சொல்லிக் கொடுக்காமல் இருக்கிறோம்? பெரியவர்களுக்கு வெற்றிலை பாக்கை அந்தக் கையால் நீட்டிப் பாருங்கள், என்ன நடக்கும் என்று தெரியும். அவர் தன்னைத்தான் திட்டிக்கொண்டார்.

"ரெண்டு தரம் எதிருக்கு எதிரு உக்காந்துக்கினு இருந்தேன். பாக்கல. போன வாரமே எழுதிக் குடுத்திருந்தேன்னா இந்தப் புள்ள கதி?"

பிறகு உள்ளே போய் ஒரு சிவப்புக் கட்டையை எடுத்து வந்து, தன் இடது கையால் என் மகளிடம் நீட்டினார். "இந்த ரூமுல எந்தக் கையால குடுத்தாலும் வாங்கலாம், எந்தக் கையாலயும் குடுக்கலாம்." என் மகள் அவள் அம்மாவைப் பார்த்தாள். அவள் அம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். தொடைக்கு அடியிலிருந்து அந்தக் கை மெதுவாக வெளியே வந்தது.

"இப்பவே டெஸ்ட்டை வச்சுடலாமே மேடம்" என்று நான் அவசரப்பட்டேன்.

"அதே கட்டையை ஒடனே வச்சா அது ஞாபகத்துக்கு வைக்கற டெஸ்ட்டு. கொஞ்ச மாசம் போவட்டும். வேற செட்டு வச்சுப் பாக்கறேன். அதுவரைக்கும் அவ இஷ்டப்பட்ட கையால எழுதட்டும். ஸ்கூலுக்கு நான் லெட்டர் தர்றேன்."

இன்னொன்றும் சொன்னார், அது எனக்கு மறக்கவில்லை. "இந்த டெஸ்ட்டை மொத மொதல்ல உண்டாக்கனதே ஜீனியஸைக் கண்டுபுடிக்க இல்லப்பா. ஸ்கூல்ல தடுமாறற புள்ளைங்க யாருன்னு பாத்து ஒதவி பண்றதுக்கு. கையைப் புடிச்சுத் தூக்க வச்ச சாமானை எடுத்து மண்டையில அடிக்கறானுங்க."

கோடை விடுமுறைக்குக் கொஞ்சம் முன்னால் மறுபடி டெஸ்ட் நடந்தது. கொஞ்ச நாளில் அறிக்கையும் வந்தது. இடது கைப் பழக்கம் உள்ள பிள்ளை, அதை மாற்றக் கூடாது. வாசிப்பில் பின்தங்கியிருக்கிறாள், கூடுதல் நேரமும் உதவியும் தேவை. உருவங்களையும் அமைப்புகளையும் புரிந்துகொள்வதில் வயதை மிஞ்சிய திறமை. நம்பர் மட்டும் இல்லை.

தாளாளர் அதைப் படித்தார். கடைசி வரியைத் திரும்பப் படித்தார். அவர் முகமே மாறிவிட்டது. ஆறு மாதம் முன்னால் நாங்கள் நின்றே பேசிய அறையில் அன்றைக்கு எங்களுக்கு நாற்காலி வந்தது, டீ வந்தது.

"உங்க பொண்ணு ஜீனியஸ்ங்க! நம்பரை மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க. அட்மிஷன் டயம். போட்டோ போட்டு, நம்பரைப் பெருசாப் போட்டு, பைபாஸ்ல பேனர் வைக்கறோம்."

மேடத்திடம் வந்து சொன்னேன். பொய் சொல்ல மாட்டேன், சந்தோஷமாகத்தான் சொன்னேன். அவர் மறுநாள் லீவு போட்டுவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு என்னோடு பள்ளிக்கு வந்தார்.

தாளாளர், "வாங்க மேடம், நீங்களே வந்தது ரொம்ப நல்லதாப் போச்சு. நம்பர்?" என்றார்.

"சொல்ல மாட்டேன் சார்."

"நல்ல நம்பர்தானே? சொல்றதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?"

"கொறைஞ்சா வெளிய தள்றதுக்கு நம்பர் கேட்டீங்க. இப்ப ரோட்டுல கட்டித் தொங்கவுட நம்பர் கேக்கறீங்க. ரெண்டுக்கும் நடுவுல புள்ள மாறவே இல்லியே சார். அதே புள்ளதான்."

"ஆஸ்பத்திரியில மத்தவங்களுக்கு எழுதித் தர்றீங்கதானே?"

"தர்றேன். அந்த நம்பர் ஒரு புள்ளைக்கு பஸ் பாஸ் வாங்கித் தருது. இது இன்னா வாங்கித் தரும்? உங்களுக்கு அட்மிஷன் வாங்கித் தரும்."

தாளாளர் நாற்காலியில் சாய்ந்தார். "பெத்தவங்க கேட்டா?"

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த மாதிரி அவர் என்னை அதுவரை பார்த்ததில்லை. "பெத்தவரு எழுதிக் கேட்டா நான் குடுத்துத்தான் ஆவணும். அது அவரு உரிமை. அதை நான் தடுக்க முடியாது."

தாளாளர் ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார். "எழுதுங்க. அடுத்த வருஷம் ஏ செக்‌ஷன். எழுதலேன்னா, சீட்டே இருக்கும்னு நான் உறுதி சொல்ல முடியாது."

பிள்ளைகளே, உங்கள் அப்பாக்கள் கல்லால் ஆனவர்கள் இல்லை. பைபாஸில் போகிற ஒவ்வொரு பஸ்ஸும் என் மகள் முகத்தைப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. என் வாடிக்கையாளர்கள் எல்லாம் என்னை நிறுத்திக் கேட்பது தெரிந்தது. அந்தத் தொடரில் வருகிற மியூசிக்கூடக் கேட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேனாவை எடுத்துவிட்டேன். அப்போதுதான் பேனர் வைத்தால் அதற்கு மறுநாள் என்ன நடக்கும் என்பது என் கண்முன்னால் வந்தது. அவள் ஒரு கணக்கில் தப்புப் பண்ணுகிறாள். டீச்சர் வகுப்பு முழுக்கக் கேட்கிற மாதிரி, "நீயெல்லாம் ஜீனியஸா?" என்கிறார். அவள் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசித்துக்கொண்டிருந்தாள்.

பேனாவை மூடித் தாளைத் திருப்பித் தள்ளினேன்.

"உங்க பொண்ணு நம்பர் என்னன்னு தெரிஞ்சுக்க உங்களுக்கே ஆசை இல்லியா?" என்றார் தாளாளர்.

"ஆசை இல்லாம இருக்குமா சார்? ஆனா அது என்னுது இல்ல, அவளுது. பெரியவளானா அவளே கேட்டு வாங்கிக்குவா. நீங்க டிசியைக் குடுங்க."

வெளியே வந்ததும் மேடம் என்னைப் பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். குடையால் என் தோளில் ஒரு தட்டு தட்டினார்.

"டிசியை எதுக்குய்யா கேட்ட, அவசரக்குடுக்க! சீட்டு அவளுது. நின்னு சண்டை போட்டு அங்கயே படிக்க வச்சிருப்பேன். சண்டைக்குன்னுதான லீவு போட்டுக்கினு வந்தேன்?"

கேட்டது கேட்டதுதான். டிசி வாங்கி நகராட்சிப் பள்ளியில் சேர்த்தோம். அங்கே இருந்த டீச்சர் மேடத்தின் அறிக்கையை வாங்கி நிதானமாகப் படித்தார், என் மகளை இடது கைக்கு இடிக்காத மாதிரி பெஞ்சின் ஓரத்தில் உட்கார வைத்தார். தடையில்லாமல் வாசிக்க அவளுக்கு ஐந்தாவது வரைக்கும் ஆயிற்று. இன்றைக்கும் எழுத்துப்பிழை உண்டு. வீட்டுக்கு யார் வந்தாலும் எழுந்து நின்று "வாங்க" என்பாள். கூரையைப் பார்த்துக் கொலைகாரனைச் சொல்ல அவளுக்குத் தெரியாது. எங்கள் வீட்டு ஃபேனைக் கழற்றி மாட்டத் தெரியும்.

அதற்கு அடுத்த வருஷமே மேடத்துக்குத் தெற்கே எங்கேயோ மாற்றல் வந்தது. போகிற அன்றைக்கும் கனெக்‌ஷனைத் துண்டிக்க வந்த என்னை அரை மணி நேரம் காக்க வைத்து, தொடரின் கடைசிக் காட்சியைப் பார்த்து முடித்துவிட்டு, "இவனுக்கு டெஸ்ட் வச்சவன் மட்டும் என் கையில கெடைக்கட்டும்" என்று சொல்லித்தான் டிவியை அணைத்தார்.

இப்போது என் மகள் பத்தாவது படிக்கிறாள். போன வாரம் இந்த விஷயம் முழுவதையும் அவளுக்குச் சொன்னேன். அவளுக்கு ஒரு நம்பர் இருப்பதே அதுவரை தெரியாது. அது எனக்கும் தெரியாது, அவள் அம்மாவுக்கும் தெரியாது, விழுப்புரம் ஆஸ்பத்திரியில் ஏதோ ஒரு பீரோவில் கிடக்கலாம், பெரியவளானதும் அவளே கேட்டு வாங்கலாம் என்றேன்.



"கேட்டு வாங்குவேன்பா" என்றாள். "ஆனா உங்ககிட்ட சொல்ல மாட்டேன்."